சட்டனில் சுட்ட பெக்கான் பை

அட்லாண்டாவிலிருந்து எட்டரை மணி நேரம் பறந்து கட்விக் விமான நிலையத்தில் இறங்கியபோது காலை ஏழே முக்கால். 1997 நவம்பர், ஒரு புதன்கிழமை. சுங்கத்தில் என் பெட்டியை ஒருவரும் திறக்கச் சொல்லவில்லை. கம்பளிச் சட்டைகளுக்கு நடுவே, ஜோர்ஜியாவில் என் வீட்டு வளவில் பொறுக்கி உடைத்த இரண்டு இறாத்தல் பெக்கான் கொட்டையும், துவாயில் சுற்றிய ஒரு போத்தல் கரும்புப் பாணியும் பத்திரமாக வெளியே வந்தன.

என்னைக் கூட்டிப்போக வந்தவர் தங்கை ரஞ்சியின் கணவர் அன்ரன். அவரை அன்றுதான் முதல்முறையாக நேரில் கண்டேன். பத்து வருடங்களுக்கு முன், மன்னாரைச் சேர்ந்த ஒரு கத்தோலிக்கரைக் கட்டப்போகிறேன் என்று ரஞ்சி லண்டனிலிருந்து எழுதியபோது, நான் நான்கு பக்கம் பதில் எழுதினேன். அதில் எழுதியவற்றை இங்கே திருப்பி எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. கலியாணத்துக்கும் போகவில்லை. பிறகு வருடத்துக்கு ஒரு கிறிஸ்மஸ் காட், அடியில் கையெழுத்து, அவ்வளவுதான். இந்த வருடம் எனக்கு ஒரு சத்திரசிகிச்சை நடந்தது. தேறி எழும்பியதும் ரஞ்சிக்கு ரெலிபோன் எடுத்து, "வரட்டோ?" என்று கேட்டேன். பேசுவது யார் என்று இரண்டு தரம் கேட்டாள். பிறகு, "வாங்கோ அக்கா" என்றாள்.

கட்விக்கிலிருந்து ரஞ்சியின் வீடு இருக்கும் சட்டன் இருபது மைல். மழையில் நாற்பது நிமிடம் எடுத்தது.

"பயணம் சுகமோ?" என்றார் அன்ரன்.

"ஓம்."

"குளிருதெண்டால் சொல்லுங்கோ. ஹீற்றரைக் கூட்டிவிடுறன்."

வீடு வரும்வரை நாங்கள் பேசியது இவ்வளவே.

பின்னேரம் பாடசாலையிலிருந்து வந்த நிரோஷாவுக்கு எட்டு வயது. "ஹலோ பெரியம்மா" என்று வெட்கத்தோடு வந்து நின்றாள். நான் கொண்டுபோன சிவப்புக் கம்பளிச் சட்டையை உடனே போட்டுக்கொண்டாள். ரஞ்சி மீன் குழம்பும் புட்டும் வைத்தாள். எல்லோரும் மரியாதையாக இருந்தோம். விருந்தாளி வந்த வீட்டின் மரியாதை.

வியாழன் காலை ஏழு மணிக்கு ரஞ்சி ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதிக்கு ஷிப்டுக்குப் போனாள். அன்ரன் பிள்ளையைப் பாடசாலையில் விட்டுவிட்டுத் தான் வேலை செய்யும் பெற்றோல் நிலையத்துக்குப் போனார். நான் காத்திருந்தது இந்தத் தனிமைக்குத்தான். ஜோர்ஜியாவில் எங்கள் தெருவில் ஒரு வீட்டாரோடு மனக்கசப்பு வந்தால், எதையாவது சுட்டு எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டுவார்கள். பெக்கான் பை என்ற இனிப்புப் பண்டத்தைச் சுட எனக்குப் பழக்கியவளும் அப்படித் தட்டி வந்த பக்கத்து வீட்டுக்காரிதான்.

ஒன்பதரைக்கு சட்டன் ஹை ஸ்ட்ரீட்டுக்கு இறங்கி நடந்தேன். பட்டர் எண்பத்திரண்டு பென்ஸ், ஆறு முட்டை எழுபது, மா ஐம்பத்தைந்து, ஓரம் வளைந்த தகரத் தட்டு ஒரு பவுண்.

பதினொன்றுக்குத் தொடங்கினேன். குளிர்ந்த பட்டரை மாவில் விரல் நுனியால் உதிர்த்து, தண்ணீர் தெளித்துத் திரட்டி, அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தேன். மூன்று முட்டை, சீனி, உருக்கிய பட்டர், ஒரு சிட்டிகை உப்பு. அதன்மேல் கரும்புப் பாணியை ஊற்றியபோது கலவை தேயிலைச் சாய நிறத்துக்கு வந்தது. மாவைத் தட்டில் விரித்து, கலவையை ஊற்றி, பெக்கான்களை வெளியிலிருந்து உள்ளே வட்டம் வட்டமாக அடுக்கினேன். உடைந்தவற்றை வாயில் போட்டுக்கொண்டு, கையை ரஞ்சியின் சமையல் துவாயில் துடைத்தேன். ஓவனில் ஒன்று முதல் ஒன்பது வரை இலக்கங்கள் மட்டும் இருந்தன. என் முந்நூற்றைம்பது டிகிரிக்கு அங்கே நான்கு என்று மாப் பொதியின் பின்புறம் போட்டிருந்தது. ஐம்பது நிமிடத்தில் நடு மட்டும் மெல்ல ஆட, ஓரம் பொன்னாக, பை வெளியே வந்தது. என் கையில் அவ்வளவு நன்றாக அதற்கு முன் ஒருபோதும் வந்ததில்லை.

இரண்டு மணிக்கு ரஞ்சி கதவைத் திறந்தாள். கோட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றாள்.

"என்ன வாசம் அக்கா?"

"பெக்கான் பை. எங்கட வளவு மரத்துக் கொட்டை. உங்கள் எல்லாருக்குமாய்ச் சுட்டனான்."

"கொட்டையோ?" அவள் சப்பாத்தோடு உள்ளே ஓடிவந்து ஜன்னலைத் திறந்தாள். "அக்கா, நிரோஷாவுக்குக் கொட்டை ஏலாது."

"கொஞ்சமாய்க் குடுத்தால்?"

"துகள் பட்டாலே பயம் அக்கா. மூண்டு வயசில ஒரு பிறந்தநாள் வீட்டில கஜுக் கொட்டை போட்ட கேக் ஒரு துண்டு திண்டவள். முகம் வீங்கி, மூச்சு எடுக்க ஏலாமப் போச்சு. அம்புலன்ஸில மடியில வச்சுக்கொண்டு போனனான்." அலுமாரியைத் திறந்து காட்டினாள். பிள்ளையின் பெயர் எழுதிய பெட்டியில், அவசரத்துக்குப் போடும் இரண்டு ஊசிகள் இருந்தன.

"எனக்கு ஏன் சொல்லேல்லை?" என்று கேட்டுவிட்டேன்.

ரஞ்சி என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எதில சொல்லுறது? கிறிஸ்மஸ் காட்டிலயோ?"

பாடசாலை மூன்றேகாலுக்கு விடும். பையை மூன்று சுற்றுத் தாளில் பொதிந்து வெளியே வைத்தோம்; மீந்த கொட்டைகள் வெளிக் குப்பைத் தொட்டிக்குப் போயின. மேசை, கைபிடிகள், ஓவன், தரை எல்லாவற்றையும் சவர்க்காரத் தண்ணீரால் துடைத்தோம். துவாயும் என் உடுப்புகளும் மெஷினுக்குள் போயின. அந்தச் சிவப்புச் சட்டையும் கொட்டைகளோடு ஒரே பெட்டியில் வந்ததுதான். அதை ரஞ்சி இரண்டு விரலால் தூக்கிப் போட்டாள். எனக்குத் தன் உடுப்பைத் தந்தாள். இருவரும் முழங்காலில் நின்று தரை துடைத்துக்கொண்டிருக்கும்போது கேட்டேன்:

"அண்டைக்கு ஆஸ்பத்திரியில நீ தனியவோ இருந்தனி?"

"அன்ரன் இருந்தவர். நாலு நாளும் கதிரையிலதான் நித்திரை." துணியைப் பிழிந்தாள். "உங்களுக்கு ஃபோன் எடுக்க வெளிக்கிட்டனான். நம்பரைக் கையில வச்சுக்கொண்டு ரெலிபோன் பெட்டிக்குள்ள நிண்டனான். பிறகு அந்தக் கடிதம் ஞாபகம் வந்திட்டுது."

 துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தேன்.

மூன்று மணிக்கு ரஞ்சி பாடசாலைக்கு நடந்தாள். நான் பையைச் சுமந்துகொண்டு பதினைந்து நிமிடம் நடந்து அன்ரனின் பெற்றோல் நிலையத்துக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் பொதியை இரு கையாலும் வாங்கினார்.

"நான் இதைத் திண்டால் வீட்ட போய்ப் பிள்ளையைக் கொஞ்ச ஏலாது மச்சாள். குறை நினைக்காதேங்கோ. ராத்திரி ஷிப்டுக்கு வாறவைக்குக் குடுக்கிறன்."

அவர் என்னை மச்சாள் என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை. "அன்ரன், அந்த நாளில நான் எழுதினது..." என்று தொடங்கினேன். நாலாம் பம்புக்குக் காசு கட்ட ஒருவர் உள்ளே வந்தார். அவர் பின்னால் இன்னும் இருவர். நான் வெளியேறினேன்.

திங்கட்கிழமை காலை ஆறரைக்கு, இருட்டில், ரஞ்சி வேலைக்கு வெளிக்கிட்டாள். நடையில் வைத்து என்னைக் கட்டிப்பிடித்து, "போய்ச் சேர்ந்ததும் ஃபோன் எடுங்கோ" என்றாள். எட்டே முக்காலுக்குப் பாடசாலை வாசலில் நிரோஷா என் கன்னத்தில் முத்தமிட்டாள். அதற்கு முன் இரண்டு முறை நான் முகம் கழுவியிருந்தேன்.

கட்விக் வாசலில் அன்ரன் பெட்டியை இறக்கி வைத்தபோது ஒரே மூச்சில் சொன்னேன். "நான் அண்டைக்கு ரஞ்சிக்கு எழுதின கடிதத்துக்கு உங்களிட்ட மன்னிப்புக் கேக்கவேணும்."

அவர் புரியாமல் பார்த்தார். "எந்தக் கடிதம் மச்சாள்? உங்களுக்கு லீவு கிடைக்கேல்லை, அதால கலியாணத்துக்கு வரேல்லை எண்டெல்லோ ரஞ்சி சொன்னவ."

அவர் முகத்தில் நடிப்பு இல்லை. ஏதோ சொல்லி மழுப்பி, விடைபெற்று உள்ளே போனேன்.

ஜோர்ஜியாவில் ஒரு தட்டு போய்ச் சேர்ந்தால் கசப்பு தீர்ந்ததென்று வைத்துக்கொள்வோம். பதினெட்டு வருடம் அப்படித்தான் நானும் நம்பியிருந்தேன். சட்டனிலோ, நான் எழுதிய ஒவ்வொரு சொல்லையும் என் தங்கை பத்து வருடமாகத் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். அவள் கணவர் என்னை நல்லவள் என்று நினைத்துக் கதவு திறந்தது அவள் சொன்ன பொய்யால்.

விமானத்துக்கு இன்னும் நாற்பது நிமிடம் இருந்தது. ரெலிபோன் பெட்டியில் ஐம்பது பென்ஸ் போட்டு ரஞ்சியின் வீட்டு நம்பரை அழுத்தினேன். வீட்டில் ஒருவரும் இல்லை என்று எனக்குத் தெரியும். ஆனாலும், கடைசி அறிவித்தல் வரும்வரை மணி அடிக்க விட்டுக்கொண்டு நின்றேன்.