சும்மா இருப்பவர்களின் ஜன்னல்

ஜஹீருன்னிசாவுக்குக் கோபம் வந்தால் பேச்சு குறையும், கை வேகமெடுக்கும். ஆம்பூரில் வீட்டு வாசலில் உட்கார்ந்து முப்பது வருஷமாக ஷூவின் மேல்பாகத்தைக் கையால் தைத்துக் கொடுக்கிறவள். கறுப்புத் தோல், கறுப்பு நூல். பகல் வெளிச்சம் இல்லாவிட்டால் துளை தெரியாது.

ஊருக்கு வெளியே புதுக் குடியிருப்பு வரப்போகிறது. பாதி வீடுகள் சொந்தமாக வாங்குவோருக்கு, மீதி வாடகைக்கு. வாடகை வீடொன்று அவள் பெயருக்கு ஒதுக்கியாயிற்று. பிளான் காட்டுகிறார்கள் என்று போய்ப் பார்த்தாள். சொந்த வீடுகளுக்குப் பால்கனி. வாடகை வீட்டுக்குச் சந்துப் பக்கம் பார்த்து ஒரே ஒரு சின்ன ஜன்னல். தையல் நின்றால் வாடகை எங்கிருந்து கொடுப்பாள்? வீடு கைக்கு வருமுன்பே போனதுபோல்தான்.

"இன்னா சார் இது? இருட்டுல எப்படித் தைக்கிறது?"

பிளான் போட்ட பார்த்திபன் நிதானமாகச் சொன்னார். "ஜன்னல் சின்னதா இருந்தா சூடு கம்மிம்மா, கரண்டும் மிச்சம். வீட்ல இருந்தே வேலை செய்றவங்களுக்குத்தான் பால்கனி. அவங்க கம்ப்யூட்டர் வேலைன்னு எழுதியிருக்காங்க. உங்க பக்கம் ஒருத்தருமே எழுதலையே."

கணக்கெடுப்புத் தாளை எடுத்துக் காட்டினார். அவள் பெயர். தொழில்: இல்லை.

அன்றைக்குக் கணக்கெடுக்க வந்த பெண், "வேலைக்குப் போறீங்களா?" என்றாள். முழங்கால்களுக்கு நடுவே தோலை இடுக்கிக்கொண்டே இவள் சொன்ன பதில், "இல்லம்மா, சும்மா வீட்லதான் இருக்கேன்." கம்பெனி பஸ் ஏறிப் போனால்தான் அந்தத் தெருவில் அது வேலை. ஊசியைப் பார்த்துக்கொண்டே இல்லை என்று எழுதிக்கொண்டு போனவள் மேல் ஆத்திரம் வந்தது. தன் வாயின் மேல் அதைவிட ஜாஸ்தி வந்தது. நேரே வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை பையோடு வந்தாள். பார்த்திபனின் ஆபீஸ் அறையில் திரைகளை இழுத்து மூடினாள், விளக்கை அணைத்தாள். தோலையும் ஊசியையும் அவர் கையில் வைத்தாள்.

"தைங்க சார்."

அவர் துளையைத் தேடினார். இரண்டாவது குத்து விரலில் இறங்கியது. விரலைச் சப்பிக்கொண்டே, "புரியுதும்மா. ஆனா ஒருத்தருக்காக பிளானை மாத்த முடியாது" என்றார்.

அவள் கதவைத் திறந்தாள். படிக்கட்டு முழுக்கப் பெண்கள், முப்பத்தேழு பேர். மடியில் தோலை வைத்துத் தைத்துக்கொண்டிருந்தார்கள்.

"எங்க பேருக்கு நேரா இல்லைன்னு இருக்கறதை எல்லாம் அடிச்சிட்டு, தையல்னு எழுதுங்க சார்," என்றாள் ஜஹீருன்னிசா. "பேனால மை இருக்கான்னு முதல்ல பாத்துக்கங்க."