ரெண்டுங்கெட்டான் டாக்டர்

நோயாளியின் அட்டையை வாங்கியதும் மேசைமேல் கவிழ்த்து வைத்துவிடுவார். பெயர், பிறந்த தேதி, பழைய நோய் எதையும் படிக்க மாட்டார். முதலில் முகம். பிறகு விரல்கள். உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டுதான் மணிக்கட்டைத் தொடுவார். எழுபது வயதுக்காரர் வந்தாலும் ஏழு மாதக் குழந்தை வந்தாலும் இதே வரிசைதான். "வயசு அட்டையில இருந்து எங்கயும் ஓடிடாது. மூஞ்சிதான் மாறிடும்," என்பார்.

இத்தனைக்கும் அப்போது அவர் வேலை எடை பார்ப்பது. எடை, உயரம், ரத்த அழுத்தம் மூன்றையும் குறித்து உள்ளே அனுப்ப வேண்டும், அவ்வளவுதான். பக்கத்து மேசை என்னுடையது. இங்குள்ள மொழி தெரியாத நோயாளிகளோடு மருத்துவரிடம் போய் இரு தரப்புக்கும் பேச்சை மாற்றிச் சொல்வது என் வேலை.

அவர் சட்டையில் குத்தியிருக்கும் வில்லையில் 'உதவியாளர்' என்று இருந்தது. அவர் தனக்கு வைத்துக்கொண்ட பெயர் 'ரெண்டுங்கெட்டான் டாக்டர்'.

அவர் படித்த நாட்டில் குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் சேர்த்து ஒரே பயிற்சி உண்டு. நான்கு மாதம் பெரியவர்கள் வார்டு, நான்கு மாதம் குழந்தைகள் வார்டு என்று நான்கு வருடம் மாறி மாறிப் போகும். முடித்தவர் அங்கே இரண்டுக்கும் நிபுணர். இங்குள்ள மருத்துவ மன்றம் அந்த நான்கு வருடத்தையும் சரிபாதியாகக் கிழித்துவிட்டது. பெரியவர்களுக்கு இரண்டு, குழந்தைகளுக்கு இரண்டு. இங்கே எந்தப் பிரிவுக்கும் மூன்று வருடம் வேண்டும். "நாலு வருஷம் படிச்சேன்மா. இவங்க கூட்டிப் பாத்தா சைபர் வருது," என்று சிரிப்பார். ஆறு வருடமாக, மூன்று மேல்முறையீடுகளுக்குப் பிறகும், அதே சிரிப்பு.

மதியச் சாப்பாட்டின்போது மருத்துவ இதழ் படிப்பார். ஒருநாள் குழந்தைகள், மறுநாள் பெரியவர்கள். முறை மாறினால் எரிச்சலாகிவிடுவார். ஒரு பாதியை விட்டால் அது துருப்பிடித்துவிடுமாம்.

போன மழைக்காலத்தில் பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி வந்தாள். ஆறு வயதிலிருந்து சர்க்கரை நோய். வளர்ந்துவிட்டாய், மாடிக்குப் போ என்றது குழந்தைகள் பிரிவு. இன்னும் வயதாகவில்லை, கீழே போ என்றது மாடியிலிருந்த பெரியவர்கள் பிரிவு. ஊசியெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறாள் என்று அவள் அம்மா என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவர் அவள் விரல் நுனிகளைத் திருப்பிப் பார்த்தார்.

"சர்க்கரை பாக்கக் குத்தின தடம் ஒண்ணு கூட இல்லையே. மிஷின் ரிப்பேரா, மனசு ரிப்பேரா?"

அவள் அழுதுவிட்டாள். பள்ளியில் யாரும் பார்த்துவிடக் கூடாதென்று மாதக்கணக்கில் பாதி ஊசிகளை விட்டிருக்கிறாள். அட்டையில் இதை எழுத அவருக்கு அதிகாரம் இல்லை. நர்ஸைத் தேடிப்போய்க் காதில் போட்டுவிட்டு வந்தார். "ரெண்டுங்கெட்டான் வயசு. அதுக்கு என்னை மாதிரி ரெண்டுங்கெட்டான்தான் சரி," என்றபோது முகத்தில் ஒரு களை வந்து போனது. பிறகு அவள் எடை பார்க்கும் சாக்கில் மாதாமாதம் அவர் மேசைக்கு வந்துகொண்டிருந்தாள்.

இரண்டு மாதத்துக்கு முன் மன்றத்தின் கடிதம் வந்தது. பெரியவர்கள் பிரிவில் ஒரு வருடம் மேற்பார்வையில் வேலை செய்தால் அங்கீகாரம் உண்டு. பதிலுக்கு, குழந்தை மருத்துவப் பயிற்சியைக் கைவிடுவதாகவும் பதினாறு வயது நிறையாத யாருக்கும் சிகிச்சை அளிப்பதில்லை என்றும் கையெழுத்திட வேண்டும். அந்த வார வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து வராவிட்டால் அவருடைய கோப்பை மூடிவிடுவார்கள்.

அவருக்கு இந்த மொழி நன்றாகவே தெரியும். ஆனாலும் கடிதத்தை என்னிடம் நீட்டினார்.

"'கைவிடுறேன்'னுதான் போட்டிருக்கா? 'நிறுத்தி வைக்கிறேன்'னு எடுத்துக்க முடியாதா?"

முடியாது என்றேன்.

அவர் மனைவிக்கு இதே ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. வியாழக்கிழமை மதியம் ஈரக் கையோடு மேலே வந்து, நின்றபடியே கடிதத்தைப் பார்த்தார்.

"ஆறு வருஷமா மேசைக்கு இந்தப் பக்கமே உக்காந்திருக்கீங்க. கையெழுத்தப் போட்டுட்டு வாங்க. மிச்சப் பாதிய வீட்டுக்குக் கொண்டாங்க, நான் துவைச்சு மடிச்சு வைக்கிறேன்."

அவர் சிரிக்கவில்லை. மனைவியும் சிரிப்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. அன்று அவர் இதழைப் பிரிக்காமலே சாப்பிட்டு முடித்தார். மறுநாள் கையெழுத்துப் போட்டார்.

இப்போது அவருக்கு மாடியில் ஒரு சிறிய அறை. கதவில் மேற்பார்வையாளரின் பெயர்தான் இருக்கிறது. வில்லையில் மட்டும் 'மருத்துவர்' என்று வந்துவிட்டது. போன செவ்வாயன்று அந்தப் பெண்ணோடும் அவள் அம்மாவோடும் அந்த அறைக்குப் போனேன். குழந்தைகள் பிரிவு மறுபடியும் மேலே அனுப்பியிருந்தது. அவள் இன்னும் மெலிந்திருந்தாள்.

"டாக்டர், நான்தான்," என்று அவரைக் கண்டதும் விரல்களை விரித்து நீட்டினாள்.

அவர் உள்ளங்கைகளைத் தேய்க்க ஆரம்பித்து, நிறுத்திவிட்டு, அட்டையை வாங்கினார். கவிழ்க்கவில்லை. பிறந்த தேதியில் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, பதினாறு நிறைய இன்னும் எத்தனை மாதம் என்று மறு கையின் விரல்களை மடக்கி எண்ணினார். இரண்டாவது விரலில் கை நின்றது. பிறகு தலையை நிமிர்த்தாமலே, கீழே அனுப்பும் சீட்டை எடுத்து எழுதத் தொடங்கினார்.