கிணற்றுக்கு ஒரு பஸ்ஸர்

இப்போது பிள்ளைகள் உள்ளங்கை அகலப் போர்டில் ஒரு குட்டி பஸ்ஸரைச் சொருகி, கம்ப்யூட்டரில் நாலு வரி எழுதி, அதைப் பாட்டுப் பாட வைக்கிறார்கள். பாடட்டும், நல்லாயிருக்கட்டும். ஆனால் எவனாவது, "சத்தம் வரலையே மேடம், அப்போ எல்லாம் சரியாத்தான் இருக்கு" என்று சொல்லிவிட்டால் போதும். அன்றைக்கு வகுப்பில் நான் போடுகிற சத்தத்தில் பஸ்ஸர் தோற்றுவிடும்.

எண்பதுகளின் கடைசி. நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்துக்கொண்டிருந்தேன். லேபில் ஒரே ஒரு மைக்ரோபிராசஸர் கிட். எண்களைத் தட்டி முடித்து, கடைசிப் பொத்தானை அமுக்கினால் 'கீ' என்று கத்தும். அந்தக் 'கீ'யைக் கேட்க நாங்கள் வரிசையில் நிற்போம். கிட்டை வீட்டுக்குத் தரமாட்டார்களே! அதனால் ஒரு டைமர் ஐசியும் பஸ்ஸர் தகடும் வாங்கி, சோப்பு டப்பாவுக்குள் வைத்து நானே ஒன்று செய்தேன். சின்ன பேட்டரியில் கத்தும். டிரான்சிஸ்டர் ரேடியோவுக்குப் போடுகிற எலிமினேட்டரை மாட்டினால் கரண்டிலும் கத்தும்.

அதைச் சங்கரன்கோவிலுக்குக் கொண்டுவந்தேன். அண்ணனுக்காகத்தான்.

குருவிகுளம் போகிற ரோட்டில் எங்கள் தோட்டம். பிச்சிப்பூ போட்டிருந்தோம். கிணறு மட்டும் எங்களுக்கும் சித்தப்பாவுக்கும் பொது. ஒரே கிணற்றில் இரண்டு மோட்டார், மேலே இரண்டு ரூம். தண்ணீர் முறையில் வந்த தகராறில் அண்ணனும் சித்தப்பாவும் முகம் பார்த்துப் பேசுவதில்லை. சித்தப்பா தன் ஸ்டார்ட்டர் பொத்தானில் ஒரு குச்சியைச் சொருகி வைத்து, ரூமைப் பூட்டிவிட்டுப் போய்விடுவார். கரண்டு எப்போது வருமென்று யாருக்குத் தெரியும்? வந்ததும் மோட்டார் தானாக ஓடும். எல்லாத் தோட்டத்திலும் இப்படித்தான். ஆனால் அவருடைய கேபிள் கிணற்றுச் சுவரில் ஒட்டு ஒட்டாக இறங்கித் தண்ணீரைத் தொட்டுக் கிடந்தது. அது ஓடினால் தவளை செத்து மிதக்கும். அதைப் பார்த்த நாளிலிருந்து கிணற்றை எட்டிப் பார்க்கவே எனக்குப் பயம்.

பெட்டியை எங்கள் ரூமில் மாட்டினோம். இரண்டு ரூமுக்கும் ஒரே கம்பத்து லைன். கரண்டு வந்தால் எங்கள் பெட்டி கத்தும். முதலில் பல்பு எரிகிற அளவுக்குத்தான் வரும், மோட்டார் ஓடுகிற முழுக் கரண்டு வரச் சில நிமிஷம் ஆகும், அதற்குள் உள்ளே இருப்பவர் ஏறிவிடலாம். மாட்டிய அன்றே கரண்டு வந்தது, பெட்டி கத்தியது. அண்ணன் பூரித்துப்போய்ப் பார்த்தவரிடமெல்லாம், "எந்தங்கச்சி பண்ணுன பெட்டி வே" என்றான்.

ஆடித்தபசுத் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கும். பூவுக்கு விலை ஏறுகிற நேரம். அந்த நேரம் பார்த்து, தண்ணீருக்குள் குழாயின் அடியில் இருக்கிற எங்கள் புட்வால்வில் குப்பை அடைத்து, மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. அந்த வாரம் காலையில்தான் கரண்டு முறை. மத்தியானம் அண்ணன் இறங்கத் தயாரானான்.

"சித்தப்பாட்ட சாவி வாங்கிட்டு இறங்கேன்ணே."

"அவரு வாசல்ல போயி நான் நிக்கணுமாக்கும்? ஒன் பெட்டிதான் இருக்கே. பேசாம இருட்டி!"

இறங்கிவிட்டான். நானும் மதினியும் மேலே நின்றோம். அவன் நெஞ்சளவு தண்ணீரில் நின்று குழாயை அசைத்தான். இரண்டு கை தூரத்தில் சித்தப்பாவின் கேபிள். நான் மோட்டார் ரூம் பக்கமே காதை வைத்திருந்தேன். சத்தமில்லை. அப்பாடா என்று இருந்தது.

மதினி சும்மா பேச்சுக்குச் சொன்னாள்: "எத்தன பெட்டி வந்தாலும் ஒங்கண்ணன் பழக்கம் போவாது. பீஸ் கட்டையப் புடுங்கி மடியில கட்டிட்டுத்தான் எறங்குதாவ."

ஃபியூஸ் கம்பி இருக்கிற அந்தப் பீஸ் கட்டையைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டு இறங்குவது எங்கள் பக்கத்து வழக்கம். தெரியாமல் யாரும் திரும்ப மாட்டிவிடக் கூடாதே! நல்ல வழக்கம்தான். எங்கள் மோட்டார் ஓடாது. ஆனால் எங்கள் பெட்டிக்கும் கரண்டு அந்தக் கட்டை வழியாகத்தான் வரவேண்டும்.

பெட்டி இனிமேல் கத்தாது. ஊருக்கே கரண்டு வந்தாலும் கத்தாது. அது கத்தவில்லை என்பதை நம்பி அண்ணன் தண்ணீரில் நிற்கிறான்.

"அண்ணே, ஏறி வா! ஏறி வாண்ணே!"

"என்னட்டி? பெட்டி கத்தலையே!"

"கத்தாதுண்ணே! நீ வா!"

"கத்தலைல்லா, பெறகு என்ன? இன்னும் கொஞ்ச வேலதான். கெடந்து கூப்பாடு போடாத!"

கத்தினேன், அழுதேன். மதினியும் கூப்பிட்டாள். அவன் தலையைக்கூடத் தூக்கவில்லை. என் பேச்சைவிட என் பெட்டியின் பேச்சில்தான் அவனுக்கு நம்பிக்கை. ரூமுக்குள் ஓடினேன். எலிமினேட்டர் ஒயரைப் பிய்த்துப் போட்டுவிட்டு, சோதித்துப் பார்க்க வைத்திருந்த பேட்டரியை எடுத்தேன். அவசரத்தில் முனை பொருந்தவே இல்லை. ஐயோ, அந்த நேரம்! ஒருவழியாகத் தொட்டது. 'கீ' என்று அலறியது.

படிகளில் தடதடவென்று ஏறுகிற சத்தம் கேட்கிற வரைக்கும் நான் பேட்டரியை விடவில்லை.

மேலே வந்தவன் மூச்சு வாங்க எங்கள் ரூமைப் பார்த்தான். "கரண்டு எங்கட்டி வந்துச்சு? பல்பு எரியலையே."

"வரலண்ணே. நான்தான் பேட்டரி வச்சுக் கத்த விட்டேன்."

"கொழுப்பாட்டி ஒனக்கு? அங்கன பூவெல்லாம் வாடிக் கெடக்கு, வெளையாடுதியா?"

என்னைச் சொல்லவே விடவில்லை. அவன் திட்டிக்கொண்டே திரும்பப் போய் முதல் படியில் கால் வைத்தான். நான் அவன் ஈர வேட்டியைப் பிடித்து இழுத்தேன். மடியிலிருந்து பீஸ் கட்டை நழுவித் தரையில் விழுந்தது.

"இது ஒங்கிட்ட இருந்தா பெட்டி எப்படிண்ணே கத்தும்?"

அண்ணன் கட்டையைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. அப்போது பூட்டிக் கிடந்த ரூமுக்குள் 'டக்' என்றது. கிணற்றுக்குள் சித்தப்பாவின் மோட்டார் உறுமிக்கொண்டு கிளம்பியது.

நாங்கள் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தோம். அண்ணன் நின்ற இடத்தில் ஒரு தவளை வயிறு வெளுக்கப் புரண்டு மிதந்தது. எங்கள் பெட்டி மூச்சே விடவில்லை.

அண்ணன் பீஸ் கட்டையை எடுத்து என் கையில் வைத்தான். வேட்டியைக்கூடப் பிழியாமல் ரோட்டுக்கு நடந்தான். நேராகச் சித்தப்பா வீட்டு வாசலில் போய் நின்று சாவி கேட்டான்.