கழுவாத விதை

இலையில் பூச்சி இருந்தால்தான் எங்கள் கடையில் ஆள் இருக்கும். மலேசியாவில், கிள்ளானில் விதையும் பூச்சிமருந்தும் விற்கிற கடை. கவுண்டருக்குப் பின்னால் நிற்பவன் நான். நீங்களும் எங்காவது ஒரு கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர் என்றால் இதைப் படித்துவிட்டுச் சிரிக்க மாட்டீர்கள்.

மூனு தண்ணி

சுங்கை பூலோவில் அப்பாவோடு காய்கறித் தோட்டம் போட்டிருக்கும் ரேவதி, ஒரு நாள் சலாட் கீரை நாற்றுகளோடு வந்து நின்றாள். இலையைத் திருப்பிக் காட்டினாள். அடியில் பச்சைப் பச்சையாக அசுவினிப் பூச்சி அப்பிக்கிடந்தது.

நாங்கள் விற்றதோ மருந்து பூசிய விதை. முளைக்கும்போதே மருந்து செடிக்குள் ஏறிவிடும். முதல் சில வாரங்களுக்கு அதன் சாற்றை உறிஞ்சுகிற அசுவினி பிழைக்காது. பிறகு இது எப்படி? "விதைய என்ன செஞ்சீங்க?" என்று மெதுவாகக் கேட்டேன். எனக்குச் சத்தமாகக் கேட்க வராது.

"செவப்பா சாயம் ஒட்டியிருக்குன்னு அப்பா மூனு தண்ணி விட்டு கழுவிட்டாரு, பாஸ்."

சனிக்கிழமை

அந்தச் சாயத்தோடுதான் மருந்து இருக்கிறது என்றேன். அவள் நம்பினாள், அவள் அப்பா நம்பவில்லை. அதனால் சனிக்கிழமைதோறும் தெளிமருந்து வாங்க அவளே லோரி ஓட்டிக்கொண்டு வந்தாள். வந்தால் சும்மா போக மாட்டாள். தோட்டத்தில் நின்ற தண்ணீர், லோரி பிரேக், பாசாரில் சண்டை போட்ட ஆன்டி என்று ஏதாவது சொல்வாள். தாத்தா பாட்டி சொன்ன கதை கேட்டே வளர்ந்த காது என்னுடையது. எதிர் அலமாரியில் இருக்கும் மருந்தைத் தேடித் தேடி எடுப்பேன். வெள்ளிக்கிழமையே முடி வெட்டிக்கொள்வேன்.

ஆனாலும் அந்தச் செடிகள் நோஞ்சானாகவே நிற்பதாக அவள் சொன்னபோது மனசு கேட்கவில்லை. "அடுத்த தடவ ஒரு தட்டுல கழுவின விதை, ஒரு தட்டுல கழுவாத விதை போடச் சொல்லுங்க. அப்பாவே பாக்கட்டும்" என்றேன். அவள் போனதும் முதலாளி பேப்பரிலிருந்து தலை தூக்காமல் சொன்னார்:

"பூச்சி செத்தா அந்தப் பொண்ணும் வராதுலா. யோசிச்சுதான் சொன்னியா?"

ஒரு நாற்று

அந்தச் சலாட் அறுத்து முடிந்ததும் அவள் வரவில்லை. லோரிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் எட்டிப் பார்த்தேன். எல்லாம் உர லோரி.

பல வாரம் கழித்து ஒரு மத்தியானம் வந்தாள். கையில் ஒரே ஒரு நாற்று. இலையைத் திருப்பினேன், சுத்தம். கழுவாத தட்டில் வந்ததாம். கழுவின தட்டில் வழக்கம்போல அசுவினியாம். அப்பா பெரிய டின்னாக விதை வாங்கி வரச் சொன்னாராம். ஒரு டின் வாங்கினால் பல மாதம் ஓடும்.

நானே தூக்கி லோரியில் வைத்தேன். கையுறை போட்டு விதைக்கச் சொன்னேன். வேறு ஏதோ சொல்ல வந்து, டின் மூடியை இன்னொரு தடவை அழுத்திவிட்டேன். அவள் இஞ்சினைக் கிளப்பிவிட்டு எட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

"பெரிய தொல்லை விட்டுச்சி, பாஸ். இனிமே சனிக்கிழமை நல்லா தூங்கலாம்."

அவள் தூங்கட்டும், சனிக்கிழமையானால் கடையைச் சீக்கிரம் திறக்கிற பழக்கத்துக்குத்தான் இன்னும் யாரும் மருந்து கண்டுபிடிக்கவில்லை.