அடுப்பு அனலுக்கு ஆகாத மாத்திரை

எண்பதுகளின் தொடக்கத்தில் காரைக்காலில் மனநல வைத்தியம் பார்க்க உட்கார்ந்தபோது, பலகையில் 'நரம்பு' என்றுதான் எழுதி மாட்டினேன். 'மனம்' என்று எழுதியிருந்தால் ஈ காக்கை எட்டிப் பார்த்திருக்காது. நரம்புத் தளர்ச்சி கௌரவமான வியாதி, அதனால் யாருக்கும் கல்யாணச் சம்பந்தம் தட்டிப்போகாது. மனசு சரியில்லை என்று ஒருவர் வாயிலிருந்தும் வராது. வாயு, கிறுகிறுப்பு, உச்சந்தலையில் எரிச்சல் என்று ஊரெல்லாம் சுற்றி வருவார்கள். நானும் வாயுவைப் பற்றி ரொம்ப அக்கறையாக விசாரிப்பேன்.

எல்லாரும் நாகரிக வாழ்க்கையைத் திட்டத் தொடங்கியிருந்த காலம் அது. மிக்சி வந்தது, உடம்பு கெட்டது. பெண்கள் வேலைக்குப் போனார்கள், குடும்பம் கெட்டது. எனக்குத் தெரிந்து மிக்சி வந்ததில் ஓய்வு கிடைத்தது அம்மிக்கு மட்டும்தான்.

நெடுங்காட்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. நிலபுலம் உள்ள வீடு. மருமகள் காரைக்காலில் அரசாங்க அலுவலகம் ஒன்றில் கிளார்க். விடியுமுன் எழுந்து சமைத்து, பஸ் பிடித்து வேலைக்கு வந்து, சாயங்காலம் திரும்பிப் போய் மறுபடி அடுப்படியில் நிற்பவள். சில மாதங்களாகத் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை, காரணம் சொல்லத் தெரியாத அழுகை. முந்தின வாரம் வாய்க்கால் மதகின் மேல் வெகுநேரம் நின்று தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். யாரோ பார்த்துவிட்டு வீட்டில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். அதற்கப்புறம்தான் அவர்களுக்கு நரம்பு ஞாபகம் வந்தது.

அவளிடம் நான் கேட்டதற்கெல்லாம் மாமியார் பதில் சொன்னார். தூக்கம் எப்படி என்றால் மாமியார். பசி எப்படி என்றால் அதற்கும் மாமியார். கணவர் தலைக்கு மேலே சுற்றிய மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவளுக்கு என்னங்க கொறை? மிக்சி இருக்கு, ஃபேன் இருக்கு, மாசம் பொறந்தா சம்பளம் வருது. எங்களுக்கெல்லாம் இது இருந்துச்சா?" என்றார் மாமியார்.

எனக்கு அந்த மதகை நினைத்தால் பயமாக இருந்தது. மாத்திரை எழுதிக் கொடுத்து, அலுவலகத்துக்கு விடுப்புப் போடச் சொல்லி, தனியாக மட்டும் விடாதீர்கள் என்று கண்டித்து அனுப்பினேன்.

சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். அதுதான் வினை. வாய்க்காலில் முறை வைத்து வயலுக்குத் தண்ணீர் விட்டுப் பழகியவர்கள், அவளுக்கும் முறை வைத்துவிட்டார்கள். காலையில் சின்ன மாமியார், மதியம் நாத்தனார், சாயங்காலம் பங்காளி வீட்டுப் பெண்கள். வந்தவர்கள் ஹார்லிக்ஸையும் ஆரஞ்சுப் பழத்தையும் வைத்துவிட்டு, ஏன் இப்படி இருக்கிறாய் என்று விசாரித்து, கையோடு அவரவர் வீட்டுக் கஷ்டத்தையும் அவளிடம் இறக்கிவைத்தார்கள். வீடு தேடி வந்த உறவுக்குக் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? காப்பி போடுவது மருமகள் வேலை. ஆகவே தன்னைக் காவல் காக்க வந்தவர்களுக்கெல்லாம் அவளே காப்பி போட்டாள். இருட்டும்வரை இருந்தவர்களுக்குத் தோசையும் சுட்டாள்.

அடுத்த தடவை வந்தபோது, பெண்கள் விஷயம் என்று கணவரை வெளியே அனுப்பினேன். அறையில் மூன்றாவது ஆள் மூச்சு விட்டால் ரத்த அழுத்தக் கருவி தப்பாகக் காட்டும் என்று வாய் கூசாமல் சொல்லி மாமியாரையும் கிளப்பினேன். கதவு சாத்தியதும் அவள் முதன்முதலாகப் பேசினாள்.

"டாக்டரம்மா, அன்னைக்கு சாகறதுக்குன்னு மதகுக்குப் போகலை. அங்கதான் யாரும் எங்கிட்ட ஒண்ணும் கேக்கலை. இப்ப அதுவும் இல்ல. இப்படியே போனா நெசமாவே குதிச்சிடுவேனோன்னு பயமா இருக்கு."

காவல், காப்பி, தோசை என்று நடந்ததையெல்லாம் அவள் சொல்லக் கேட்டு எனக்குக் கோபம் தலைக்கேறியது. நான் படித்த புத்தகங்களில் மன அழுத்தத்துக்குப் பெரிய பெரிய காரணங்களெல்லாம் போட்டிருந்தார்கள். டபரா செட்டை ஒருவரும் எழுதவில்லை. வெளியே போய் ஒரு பிரசங்கம் செய்யலாமா என்று எழுந்தேன். செய்தால் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு வேறு டாக்டரைப் பார்த்திருப்பார்கள். நியாயம் பேசினால் காதில் வாங்காத வீட்டில் பத்தியம் என்றால் நடுங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும்.

இருவரையும் உள்ளே கூப்பிட்டேன். மருந்தை மாற்றியிருக்கிறேன், வீரியமான மருந்து, பத்தியம் தப்பினால் விபரீதமாகிவிடும் என்றேன். அடுப்பு அனல் மேலே படவே கூடாது. காலையிலும் மாலையிலும் மாத்திரை போட்டதும் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படுக்க வேண்டும், தாழ் மட்டும் போடக் கூடாது. அந்த நேரத்தில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. ராத்திரியில் கணவர் பக்கத்தில் இருக்கட்டும், வாயை மூடிக்கொண்டு. உண்மையில் மாத்திரை அதே பழைய மாத்திரைதான்.

மாமியார் மறுபேச்சுப் பேசவில்லை. அகத்திக்கீரை சேர்க்கலாமா என்று மட்டும் கேட்டார். நம்பகமாக இருக்கட்டும் என்று அதையும் தள்ளிவைத்தேன்.

அவள் தேறினாள். பாதி மாத்திரை, பாதி அந்தச் சாத்திய கதவு. அறுவடைச் சமயத்தில் வேலைக்குத் திரும்பியவள், சில நாள் பஸ்ஸுக்கு முன்னால் என் அறைக்கு வந்து சும்மா உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். நான் ஒன்றும் கேட்பதில்லை. என் வீட்டில் அப்போது யார் காப்பி போட்டார்கள் என்று நீங்களும் கேட்காதீர்கள்.

அதற்கப்புறம் ஒரு நாள் மாமியார் மட்டும் தனியாக வந்தார். பத்தியக் காலம் முழுக்க அடுப்படி அவர் தலையில்தான். முறைக்கு வந்தவர்களுக்குக் காப்பி போட்டதும் அவரே. வாயுத் தொல்லையா என்று விசாரித்தேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"மாத்திரையெல்லாம் வேணாங்க டாக்டரம்மா. அந்தப் பத்தியத்தை மட்டும் எனக்கும் எழுதிக் குடுங்க."