சஹனால் சேறு வாரிய கல்யாணம்

மாமுவின் கல்யாணத்தைக் காப்பாற்றியவன் நான்தான் என்று எங்கள் குடும்பத்தில் இன்றும் சொல்வார்கள். அது உண்மை. அதைக் கெடுக்கப் பார்த்தவனும் நானே என்பதை இதுவரை நான் சொன்னதில்லை.

என் அம்மாவின் தம்பியான மாமு உத்தமபாளையத்தில் ஜீப் வைத்திருந்தார். வருசநாட்டுக்கு மேலே, காட்டை ஒட்டிய ஊர்களுக்குச் சாமான் ஏற்றிப் போவார். வடம், சங்கிலி, மண்வெட்டி, சக்கரத்துக்கு அடியில் கொடுக்கும் பலகைகள், டீசல் கேன், தண்ணீர், அவல், வெல்லம் எல்லாம் ஏறிய பிறகுதான் சாவியைத் தொடுவார். அவர் வண்டி வழியில் நின்றதாகப் பேச்சே கிடையாது. மேலே ஓர் ஊர்க்காரர், டிரைவருக்குப் பெண் கொடுக்கத் தயங்கியவர், அந்தப் பேரை நம்பித்தான் சம்மதித்தார்.

தொண்ணூற்றெட்டில், ஐப்பசி மழைக்காலம். லுஹர் எனும் மதியத் தொழுகைக்கு முன் பெண் வீட்டில் நிக்காஹ். மாப்பிள்ளையே விடியலில் வண்டியில் சாமான் கட்டிக்கொண்டிருந்தார்.

"கல்யாணத்துக்குப் போறியா மாப்ளே, காடு வெட்டப் போறியா?" என்றார் என் தகப்பனாரான அத்தா.

விருந்துக்கான கோரைப்பாய்களும், ஐந்தாறு பேர் சுற்றி அமர்ந்து ஒன்றாகச் சாப்பிடும் பெரிய சஹன் தட்டுகளும் ஏறின. சின்னப் பையனான எனக்கு இடமில்லை என்றார்கள். எல்லாரும் பசியாறப் போன நேரத்தில் வடம், சங்கிலி, மண்வெட்டி, பலகைகளை ஒவ்வொன்றாக இழுத்துக் கோழிக்கூட்டுக்குப் பின்னால் போட்டேன். அவை இருந்த குழிவில் பாய்களுக்கு அடியில் புகுந்துகொண்டேன். மலையேறிய பிறகு தும்மினேன். அதற்குமேல் இறக்கிவிட முடியாது.

ஓடையைக் கடக்கையில் பின்சக்கரங்கள் அச்சுவரை சேற்றில் இறங்கின. மண்வெட்டி எடுக்க மாமு பின்னால் வந்தார். நான் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"பாய் ஏத்தையில இறக்கி வச்சேன், திரும்ப ஏத்த மறந்துட்டேன் போல மச்சான்."

"நல்லா மறந்த போ. பொண்ணு வீட்ல காத்திருக்காக, நீ இங்கன நாத்து நடு," என்றார் அத்தா.

அம்மா அழத் தொடங்கினாள். பயத்தில் என் வாயில் வந்தது இதுதான்: "சஹன் இருக்குல்ல மாமு. பாய் இருக்குல்ல."

சஹன்களால் சேற்றை வாரினோம். விரித்த முதல் பாயைச் சேறு விழுங்கியது, இரண்டாவதையும் விழுங்கியது. மூன்றாவது பாய் சக்கரத்தைப் பிடித்தது. ஜீப் உறுமிக்கொண்டு கரையேறியபோது எல்லாரும் கத்திய கத்தலில் காடே அதிர்ந்தது. அத்தா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டார்.

தொழுகைக்குப் பாங்கு சொல்வதற்குள் போய்விட்டோம். மாப்பிள்ளையின் வெள்ளைச் சட்டை முழுக்கச் சேறு. கழுவிய சஹன்களில் பிரியாணி வந்தது. நடந்ததைக் கேட்ட பெண்ணின் தகப்பனார், நல்ல கறித்துண்டாகப் பார்த்து என் பக்கம் தள்ளினார்.

"மாப்பிள்ளைக்குத்தான் மறதி. அவரு அக்கா மகன் தேவலை," என்றார் சபையில். எல்லாரும் சிரித்தார்கள். மாமுவும் சிரித்தார். எந்தப் பேருக்காகப் பெண் கொடுத்தார்களோ, அந்தப் பேர் அன்றைக்கே அங்கே போயிற்று. மாமனார் வீட்டில் அவர் கடைசிவரை மறதிக்கார மாப்பிள்ளைதான்.

ஊர் திரும்பியதும் மாமு கோழிக்கூட்டுக்குப் பின்னாலிருந்து எல்லாவற்றையும் எடுத்துவந்து பழையபடி கட்டினார். ஆனால் நடுவில் ஒரு சிறுவன் உட்காரும் அளவுக்கு இடம் விட்டு, அதில் ஒரு போர்வையை மடித்துப் போட்டார்.

"ஏறிக்கடா," என்றார்.

என் வீரத்துக்குக் கிடைத்த பரிசு என்று அன்றைக்கு நினைத்து ஏறிக்கொண்டேன்.