பச்சைத் திரையில் சிவப்புச் சீட்டு

1986இல் கப்ரோவோ நகரக் கணிப்பொறி நிலையத்தில் வெனெலினா என் பக்கத்து மேசைக்காரி. நெசவாலைகளுக்குப் புரோகிராம் எழுதுவது எங்கள் வேலை. சாப்பாட்டு இடைவேளையில் அவள் எழுதியது வேறு. ஊரே ஆடும் பெலோட் சீட்டாட்டத்தைக் கணிப்பொறிக்குள் கொண்டுவந்துகொண்டிருந்தாள்.

எங்கள் திரையில் பச்சையைத் தவிர வேறு நிறம் கிடையாது. சிவப்புச் சீட்டு எது, கறுப்புச் சீட்டு எது என்று எப்படிக் காட்டுவது? முதலில் எழுத்துகளைப் போட்டாள். எங்கள் பேச்சில் ஆட்டின் என்றால் கூபா, டைமன் என்றால் கரோ. எங்கள் மொழியில் எழுதினால் இரண்டுக்கும் முதலெழுத்து 'க்' ஒன்றுதான். அவளுடைய ஆட்டக் கூட்டாளி, கடைசல் பட்டறைத் தோப்ரி, பாதி ஆட்டத்திலேயே எழுந்துவிட்டார்.

"ஏம்மா, இது சீட்டா, கண் டாக்டர் மாட்டி வெச்சிருக்கிற போர்டா?"

"சரி பண்ணிட்டுக் கூப்பிடறேண்ணே."

மூன்று மாதம் கட்டம் போட்ட தாளில் சீட்டுச் சின்னங்களைப் புள்ளி புள்ளியாக வரைந்தாள். கறுப்பு இனங்களுக்கு உள்ளே நிரப்பினாள். சிவப்பு இனங்களுக்கு விளிம்பு மட்டும். தோப்ரி வந்தார், வாயைத் திறக்காமல் ஆறு ஆட்டம் ஆடினார்.

இலையுதிர் காலத்தில் ப்ளோவ்திவ் நகரில் பொருட்காட்சி. எங்கள் அரங்கில் அவளுடைய ஆட்டம் ஓடியது; மேலே பலகை தொங்கியது: 'ஆக்கம்: பொறியாளர் கராயிவானோவ்.' அவர் எங்கள் நிலையத் தலைவர். வெனெலினாவை ஒயர் மாட்டத்தான் கூட்டிப் போயிருந்தார்கள்.

பார்க்க வந்த ஒருவர் கேட்டார். "நிறமே இல்லையே, சிவப்பு எதுன்னு எப்படித் தெரியுது?"

"அதெல்லாம் மெஷினே பாத்துக்கும்," என்றார் கராயிவானோவ்.

"மெஷின் பாத்துக்கலை," என்றாள் வெனெலினா.

"நீ போய்க் காப்பி வாங்கிட்டு வா."

"இதுக்குப் பதில் சொல்லுங்க தோழரே, போறேன். இந்த டைமன் ஏன் உள்ளே காலியா இருக்கு?"

அவர் குனிந்து பார்த்தார். "திரை கொஞ்சம் பழுதுன்னு நினைக்கிறேன்."

அவள் கணிப்பொறியை அணைத்தாள். ஆட்டம் பதிந்த நெகிழ்வட்டை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரயிலடிக்கு நடந்தாள்.

அவரிடம் இன்னொரு பிரதி இருந்தது. பாராட்டுப் பத்திரம் அவருக்கே கிடைத்தது. அவளை எண்கள் தட்டும் பிரிவுக்குத் தள்ளினார்கள். அரசாங்க வட்டை அவள் எடுத்துக்கொண்டு போனாள் என்று என்னிடம் எழுதி வாங்கினார்கள். எழுதிக் கொடுத்தேன்.

"மூணு மாசம் பக்கத்துலயே இருந்து பாத்தியே," என்றாள். "உனக்கு எழுத வேற எதுவும் கிடைக்கலையா?"

"எனக்கும் வேலை வேணுமே."

"வேலையைக் கட்டிக்கிட்டு அழு."

அதன்பிறகு ஆட்டம் வட்டிலிருந்து வட்டாக நாடெங்கும் பரவியது. பிரதி எடுத்தவர்கள் யார் பெயரையும் போடவில்லை. "விடும்மா, எல்லாரும் ஆடறாங்களே," என்ற தோப்ரியோடும் அவள் ஒரு வருடம் சீட்டாடவில்லை.

நிலையத்தை மூடிய பிறகு அஞ்சலகத்தில் சேர்ந்தாள். அவள் சன்னலில் என் முறை வந்தால், இன்றைக்கும் 'மூடியுள்ளது' பலகையை எடுத்து வைக்கிறாள். நான் அடுத்த வரிசைக்குப் போகிறேன்.